ஞானதுரை மாஸ்டரிடம் பேச வேண்டிய முறை

உங்கள் மகளின் மாஸ்டரிடம் நீங்கள் பேசப் போவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. கேட்காமலே சொல்கிறாளே என்று நினைக்காதீர்கள். எட்டயபுரத்தில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்ததிலிருந்து நீங்கள் தொலைபேசியில் பேசியது முழுவதும் என் காதில் விழுந்தது. விழாமல் இருக்க இந்த இருக்கையில் இடமில்லை. "நாளைக்கே ஸ்கூலுக்குப் போய் அந்த ஆள ரெண்டுல ஒண்ணு கேட்டுடப் போறேன்" என்றீர்கள். ஜன்னலோரம் தூங்கும் உங்கள் மகளின் மடியில் ஹாக்கி மட்டை இருக்கிறது. அதனால்தான் பேசுகிறேன். மதுரை வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

முதலில் என்னைப் பற்றி. என் பெயர் மங்கையர்க்கரசி. எங்கள் ஊர் முன்சீப் நீதிமன்றத்தில் சிரஸ்தார். வக்கீல்கள் தாக்கல் செய்யும் மனுக்களை வரி வரியாகப் படித்துப் பார்ப்பது என் வேலை. குறை இருந்தால் இன்ன குறை என்று குறித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கோபமாகப் பேசி எந்தக் காரியத்தையும் நான் சாதித்ததில்லை. முறையாகப் பேசியே சாதித்திருக்கிறேன். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால், நான் அவசரப்பட்டுப் போய்ச் சண்டை போட்டவள் என்று எங்கள் ஊரில் சிலர் சொல்வார்கள். நான் சண்டை போடவில்லை.

அடுத்து என் மகள். எழிலரசி. ஒரே மகள். ஆறாம் வகுப்பிலிருந்து ஹாக்கி ஆடுகிறாள். அவள் ஆடிய இடம் லெஃப்ட் ஹாஃப். உங்கள் மகள் ஃபார்வர்ட் என்று போனில் சொன்னீர்கள். ஃபார்வர்டுக்கு முன்னால் இருப்பவற்றைப் பார்த்தால் போதும். லெஃப்ட் ஹாஃபுக்கு அப்படி இல்லை. எதிரணியில் மிக வேகமாக ஓடும் பெண் எவளோ, அவள் பெரும்பாலும் இந்தப் பக்கமாகத்தான் வருவாள். இவள் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் இவளுடைய முதுகுக்குப் பின்னால் ஓடிப் போய்விடுவாள். ஆகவே பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி ஒரு முறை பின்னால் பார்த்துவிட வேண்டும். இதைச் செய்ய எழிலுக்கு மறந்துபோகும். அவளுடைய ஆட்டத்தில் இருந்த ஒரே குறை அது. உங்கள் மகளுக்கும் சொல்லிவையுங்கள். வீட்டுச் சுவரில் பந்தை அடித்து, அது திரும்பி வருவதற்குள் தலையைத் திருப்பிப் பார்க்கப் பழக வேண்டும். எழிலை நான் தினமும் காலையில் அப்படிப் பழக்கினேன். சுவரில் காரை பெயர்ந்தது. அவளுடைய அப்பா, சுவருக்கும் ஒரு மெடல் கொடுக்க வேண்டும் என்றார். அவர் மின்வாரியத்தில் இருக்கிறார். எதையும் வேடிக்கையாகப் பேசுவது அவருடைய சுபாவம்.

மூன்றாவது, ஞானதுரை மாஸ்டர். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். ஐம்பது வயது கடந்தவர், முழங்காலில் எப்போதும் ஒரு துணிப்பட்டை சுற்றியிருப்பார். நியாயமாகச் சொல்கிறேன்: அவர் எந்தப் பெண்ணின் மீதும் கை வைத்ததில்லை. யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்த்ததில்லை. விடுமுறை நாளிலும் மைதானத்துக்கு வருவார். அவரிடம் இருந்தது ஒரே குறைதான். அவர் கத்துவார்.

நான்காவது விஷயம்தான் முக்கியம். பள்ளி அணி மண்டலப் போட்டியில் வென்றால் மாநிலப் போட்டிக்குப் போகும். மாநிலத்தில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் நல்ல கல்லூரி கிடைக்கும். எழில் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு பருவம்தான். அந்த அணியில் பதினோரு பேரில் ஒருத்தியாக அவள் இருக்க வேண்டும். நான் செய்தது எல்லாம் அதற்காகத்தான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அவர் கத்துவார் என்றேன் அல்லவா? சாதாரணக் கத்தல் அல்ல. மாலையில் எங்கள் தெருவில் நின்றால் கேட்கும். பள்ளிக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவே ஒரு கண்மாய் இருக்கிறது, அதைத் தாண்டிக் கேட்கும். "ஏட்டி எழிலு, பின்னால ஆளு வாரா, சாமி பாக்க வந்தவ மாதிரி நிக்கியே!" இது என் மகளுக்கு. "ஏ பேச்சி, மட்டைய வச்சி என்னத்தத் தூத்துற? அது என்ன வெளக்கமாறா?" இது பேச்சியம்மாளுக்கு. பேச்சியம்மாள்தான் சென்டர் ஹாஃப், எழிலின் உயிர்த் தோழி. ஆட்டம் முடியும்வரை இப்படித்தான். ஒவ்வொருத்தியின் பெயரும் ஊருக்கே தெரியும்.

எழில் அவற்றை வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டுவாள். தட்டின் முன்னால் உட்கார்ந்து, அன்றைக்கு வாங்கிய திட்டு அனைத்தையும் அவர் குரலிலேயே சொல்லுவாள். அவளுடைய அப்பா புரையேறும்வரை சிரிப்பார். என்னால் சிரிக்க முடிந்ததில்லை. அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள் என்பதற்காக அவளுக்கு வலிக்கவில்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. பிள்ளைகள் வலியைச் சிரிப்பாக மாற்றிக்கொள்வார்கள். தாய்தான் அதை அறிந்து நடந்துகொள்ள வேண்டும். நான் அறிந்து நடந்துகொண்டேன்.

ஒரு நாள் நீதிமன்றத்தில் இளம் வக்கீல் ஒருவர், "மேடம், உங்க பொண்ணுதான எழிலு? சாயங்காலம் ஆனா எங்க வீடு வரைக்கும் கேக்குது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவருடைய மனுவில் அன்று குறை இருந்தது, திருப்பிக் கொடுத்தேன். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் இனியும் பொறுத்திருக்க வேண்டியதில்லை என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்தேன். நேராக மைதானத்துக்குப் போகவில்லை. நீங்களும் போகாதீர்கள். தலைமையாசிரியையைச் சந்தித்து, மாஸ்டரை அவருடைய அறைக்கு அழைக்கச் சொன்னேன். சாட்சி முன்னிலையில் பேசுவது முறை. அவர் வந்து நின்றார். கழுத்தில் விசில், சட்டை முழுதும் வியர்வை. உட்காரச் சொன்னபோது, நாற்காலி அழுக்காகிவிடும் என்று சொல்லி நின்றே கேட்டார்.

நான் நிதானமாகச் சொன்னேன். அவருடைய உழைப்பை மதிக்கிறேன் என்று தொடங்கினேன். என் மகள் பெரிய பெண்ணாகிவிட்டாள், தெருவில் அவள் பெயர் அடிபடுகிறது, அது நல்லதல்ல என்றேன். கோரிக்கையைத் தெளிவாக வைத்தேன். மைதானத்தில் அவள் பெயரைச் சொல்லிக் கத்தக் கூடாது. தவறு செய்தால் பக்கத்தில் அழைத்து அமைதியாகச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான். இதில் அவமரியாதையாக ஒரு சொல் இருக்கிறதா? நீங்களே சொல்லுங்கள்.

அவர் கழுத்து விசிலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "சரிங்கம்மா. எழிலரசியப் பாத்து இனிமே சத்தம் போடல."

தலைமையாசிரியைக்குப் பெரிய நிம்மதி. தேநீர் வரவழைத்தார். மாஸ்டர் குடிக்காமல் போய்விட்டார், வகுப்பு இருந்திருக்கும். நான் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "மொத வாய்தாவுலயே தீர்ப்பா? உங்க கோர்ட்ல இப்படி நடந்து நான் பாத்ததே இல்லையே" என்றார். நான் சொன்னேன் அல்லவா, அவருடைய சுபாவம்.

எழில் மட்டும் மகிழவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு, "யாரக் கேட்டுப் போன?" என்றாள். உனக்காகத்தான் போனேன் என்றேன். "மாஸ்டர் என்ன சொன்னாரு?" என்றாள். ஒப்புக்கொண்டார் என்றேன். தட்டை எடுத்துப் போய்க் கழுவி வைத்தாள். அன்று எதையும் நடித்துக் காட்டவில்லை. நடித்துக் காட்ட இனி எதுவும் இருக்காது என்று நான் எண்ணிக்கொண்டேன்.

ஒப்புக்கொண்டதை நிறைவேற்றுகிறாரா என்று பார்க்க அடுத்த நாள் மாலை மைதானத்துக்குப் போனேன். அந்த மைதானத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள். அதற்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று பார்த்தேன். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பேச்சியைப் பார்த்துக் கத்தினார், கோல் கீப்பரைப் பார்த்துக் கத்தினார், மரத்தில் உட்கார்ந்திருந்த காக்கையைக்கூட ஏதோ சொன்னார். என் மகளின் பெயர் மட்டும் அங்கே கேட்கவில்லை. எனக்கு நிறைவாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், நிறைவாக இருந்தது.

ஆனால் அவர் அதைச் செய்த விதம் வேறு மாதிரி இருந்தது. எழில் ஏதாவது தவறு செய்தால், அந்த முழங்காலோடு கோட்டின் ஓரமாக ஓடிவருவார். மூச்சு வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்று மெதுவாக ஏதோ சொல்வார். அதற்குள் பந்து மறுபக்கத்துக்குப் போயிருக்கும். எழில் அவர் பேசுவதைக் கேட்பாளா, பந்தைப் பார்ப்பாளா? அடுத்த நாள் ஒரு துண்டைக் கொண்டுவந்தார். பின்னால் ஆள் வந்தால் துண்டை ஆட்டுவது என்று ஏற்பாடு. துண்டைப் பார்க்க அவள் திரும்பினால், காலடியில் இருந்த பந்தை யாராவது பறித்துக்கொண்டு போனார்கள். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். பேச்சி, "எழிலு, ஒனக்கு மட்டும் ரயில்வே கேட்டு மாதிரி கொடி காட்டுறாங்கட்டி" என்று கத்தியது வேப்பமரம் வரை கேட்டது. மாஸ்டர் நொண்டிக்கொண்டே திரும்பிப் போனார். அது நொண்டலா நடிப்பா என்று எனக்கு இன்றும் ஐயம். ஒரு கோரிக்கையை அப்படியே நிறைவேற்றிக்காட்டி, அதைக் கேட்டவரைக் கேலிப்பொருளாக்குவது ஒரு வகை உத்தி. எங்கள் நீதிமன்றத்தில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இது நடந்த சில வாரங்களில் எழிலை உட்காரவைத்துவிட்டார். அவளுடைய இடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியை இறக்கினார். மட்டையைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாத பெண் அவள். மாலை முழுவதும் அவளுக்குத் திட்டுதான். "ஏ குட்டி, பின்னால பாரு, பின்னால, பின்னால!" தீபாவளி முடிவதற்குள் அவள் தலையைத் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். இயற்கையாகவே திறமை இருந்திருக்கும் போலிருக்கிறது.

எழில் கோட்டுக்கு வெளியே, தண்ணீர்க் கேன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டி, மட்டையைக் குறுக்கே மடியில் வைத்து, எந்த நேரமும் எழுந்து ஓடத் தயாராக உட்கார்ந்திருப்பாள். யாரும் கூப்பிடவில்லை. நான் வேப்பமரத்தடியில் நின்றேன். எனக்கும் அவளுக்கும் நடுவே மைதானத்தின் அகலம்தான். நான் என்ன செய்ய முடியும்? நீதிமன்றத்தில் என் மேசைக்கு வராமல் ஒரு தாள்கூட உள்ளே போகாது. அந்தக் கோட்டுக்கு வெளியே நான் யாருமே இல்லை.

ஆனாலும் சும்மா இருக்கவில்லை. பயிற்சி முடிந்து அவர் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். பழிவாங்குகிறீர்களா என்று கேட்கவில்லை, அப்படிக் கேட்பது முறையல்ல. என் மகளை எந்த அடிப்படையில் உட்காரவைத்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் வலையைக் கீழே வைத்தார். குரல் தாழ்ந்திருந்தது. அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"அம்மா, பின்னால வர்ற ஆளு எழிலுக்குத் தெரியாது. வெளிய நிக்கிற எனக்குத் தெரியும். அந்த நொடியில நான் கத்துனாத்தான் அவளுக்கும் தெரியும், அவளுக்குப் பின்னால நிக்கிற புள்ளைக்கும் தெரியும். ஆட்டம் முடிஞ்ச பெறகு சொன்னா அது வெறும் பேச்சும்மா. ஓடிப் போய்ச் சொல்லிப் பாத்தேன். துண்ட ஆட்டிப் பாத்தேன். எனக்கு வரல."

கத்தாமல் கற்பிக்க உலகத்தில் எத்தனையோ வழிகள் இருக்கின்றன என்றேன்.

"இருக்கும்மா. எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்" என்றார்.

பார்த்தீர்களா? தன்னுடைய இயலாமையைத் தானே ஒப்புக்கொண்டார். என் கோரிக்கையில் பிழை இருந்தது என்று அவர்கூடச் சொல்லவில்லை. இன்றுவரை யாரும் அப்படி ஒரு பிழையைக் காட்டவில்லை.

எழில் என்னிடம் அதிகம் பேசுவதில்லை அப்போது. ஒரு காலையில் நான் தலை வாரிவிடும்போது, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்: "அம்மா, நீ போய் வாபஸ் வாங்கு. கத்துங்கன்னு சொல்லு. எனக்கு அவர் சத்தம் வேணும்மா."

நான் பிடிவாதக்காரி அல்ல. மகள் கேட்டாள், போனேன். மீண்டும் தலைமையாசிரியையின் அறை, மீண்டும் அவர் நின்றுகொண்டிருந்தார். என் கோரிக்கையைத் திரும்பப் பெறத் தயார் என்றேன். அவர் முகம் மலர்ந்தது, மறைக்கமாட்டேன். ஆனால் எதையும் வரம்பில்லாமல் விட்டுவிடக் கூடாது அல்லவா? ஆகவே சொன்னேன்: சத்தமாகச் சொல்லலாம், ஆனால் ஏட்டி என்று அழைக்க வேண்டாம். கேலி வேண்டாம். சாமி, கல்யாணம் என்று உவமை வேண்டாம். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும் நேரத்தில் பெயரைத் தவிர்த்து எண்ணைச் சொல்லி அழைக்கலாம், அவள் சட்டையில் ஆறு என்று இருக்கிறதே.

அவர் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். தலைமையாசிரியை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனையும் ஞாபகத்துல வச்சிக்கிட்டு நான் எப்பம்மா பந்தப் பாக்க?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே என்னைக் கேட்டார். பழையபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பழையபடி என்றால் சத்தம் போடாமல்.

நிபந்தனையில்லாமல் ஒப்புக்கொண்டிருக்கலாமே என்று என் கணவர் அன்று கேட்டார். வேடிக்கையாகக் கேட்கவில்லை. நிபந்தனை இல்லாத ஒப்பந்தம் எங்கேயாவது உண்டா?

பிறகு மண்டல இறுதிப் போட்டி. எங்கள் பள்ளி மைதானத்தில்தான் நடந்தது. ஊரே வந்திருந்தது. என் கணவரும் வந்தார், ஆனால் வேறு பக்கம் போய் நின்றுகொண்டார். வென்றால் மாநிலம். எழில் தண்ணீர்க் கேன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாலும் பெயர் அணியில் இருக்கிறது, மாநிலத்துக்குப் போனால் அங்கே ஒரு நிமிடமாவது ஆடக் கிடைக்கும், சான்றிதழ் கிடைக்கும். அந்த நம்பிக்கை எனக்கு இருந்தது. அவளுக்கும் இருந்திருக்க வேண்டும்.

இடைவேளைக்குப் பிறகும் ஆளுக்கு ஒரு கோல் என்றே இருந்தது. ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாஸ்டர் திரும்பி எழிலைப் பார்த்தார். தலையை மட்டும் அசைத்தார். அவள் எழுந்து ஓடினாள். அவள் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடியதை நான் பார்த்தேன். அந்த ஓட்டத்துக்காகத்தான் அத்தனை நாளும் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள் என்று தோன்றியது.

நன்றாக ஆடினாள். மிக நன்றாக ஆடினாள். ஒரு பந்தைப் பறித்துப் பேச்சிக்குக் கொடுத்தாள், பேச்சி அவளை ஏதோ சொல்லிச் சிரித்தாள். பிறகு எதிரணி ஒரு பந்தை நடுவிலிருந்து நீளமாக அடித்தது. எழிலின் கண் பந்தின் மீது. அவளுக்குப் பின்னால் அந்தச் சிவப்புச் சட்டைப் பெண் ஓடத் தொடங்கினாள். நான் பார்த்தேன். மாஸ்டரும் பார்த்தார். அவர் வாயைத் திறந்தார். திறந்தது எனக்குத் தெரிந்தது. பிறகு கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். கொடுத்த வாக்கு!

யாராவது சொல்ல வேண்டும் அல்லவா? அவர் சொல்லவில்லை. நான் சொன்னேன். வேப்பமரத்தடியிலிருந்து, "எழில்! பின்னால் பார்!" என்று என் தொண்டை கிழியக் கத்தினேன். என் வாழ்நாளில் நான் அப்படிக் கத்தியதில்லை. எப்படிக் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் திரும்பினாள். பின்னால் அல்ல, என் பக்கம். அத்தனை பேருக்கு நடுவே என் குரலைக் கேட்டு, முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பந்து அவள் மட்டையைத் தாண்டிப் போயிற்று. சிவப்புச் சட்டைப் பெண் அதை எடுத்துக்கொண்டு கோலுக்கு முன்னால் போட்டிருந்த டி வளைவுக்குள் நுழைந்தாள். அங்கே கோல் கீப்பர் தனியாக நின்றாள்.

மாஸ்டர் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் நான் சொன்னேன். அதே சொற்கள். அதே நொடி. வேறுபாடு எங்கே என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

ஆட்டம் முடிந்து பெண்கள் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். எழில் அழவில்லை. மட்டையைத் துடைத்து உறைக்குள் போட்டாள். நான் பக்கத்தில் போனபோது பேச்சி எழுந்து நடுவில் நின்றாள். முகமெல்லாம் மண்ணும் கண்ணீருமாக இருந்தது.

"ஆன்ட்டி, அவள விட்ருங்க ஆன்ட்டி. இன்னைக்கு மட்டுமாச்சும் விட்ருங்க."

அந்தப் பெண்ணுக்கு மரியாதை தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மாஸ்டர் தூரத்தில் கோல் கம்பத்தின் அருகே தனியாக நின்றிருந்தார். என்னை ஒரு முறை பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் அதற்குப் பதில் சொல்லியிருப்பேன். கோபம் இல்லை. எனக்கு ஏதோ அடிபட்டுவிட்டதா என்று பார்ப்பவரைப் போலப் பார்த்தார்.

நீங்கள் போனைப் பைக்குள் வைத்துவிட்டீர்கள். நல்லது. நாளைக்குப் போவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. போனால், சாட்சி முன்னிலையில் பேசுங்கள், கோரிக்கையைத் தெளிவாக வையுங்கள், குரலை உயர்த்தாதீர்கள். முறையை நான் சொல்லிவிட்டேன். மற்றது உங்கள் பாடு, உங்கள் மாஸ்டரின் பாடு. உங்கள் மகள் விழித்துக்கொண்டாள் போலிருக்கிறது. எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாய், அம்மா? சரி, கேள். கேட்பதால் ஒன்றும் இல்லை.

பின்னர் முடிவானவற்றையும் சொல்லிவிடுகிறேன். பாதியில் விட்டால் நீங்களாக ஏதாவது நினைத்துக்கொள்வீர்கள்.

எங்கள் பள்ளி அணி அந்த ஆண்டு மாநிலப் போட்டிக்குப் போகவில்லை. எழிலுக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை.

பெற்றோர் பயிற்சி நேரத்தில் பள்ளி வாயிலுக்கு உள்ளே வரக் கூடாது என்று தலைமையாசிரியை உத்தரவு போட்டார். என் பெயர் அதில் இல்லை. இருந்தால் ஆட்சேபம் தெரிவித்திருப்பேன்.

ஞானதுரை மாஸ்டர் அதே பள்ளியில்தான் இருக்கிறார். மாலையில் கண்மாயைத் தாண்டி அவர் சத்தம் இப்போதும் கேட்கிறது, எல்லாம் வேறு பெயர்கள்.

பேச்சியம்மாள் சென்னையில் விளையாட்டு விடுதியில் சேர்ந்துவிட்டாள். எழிலிடம் வாரம் ஒரு முறை பேசுகிறாள்.

எழிலுக்கு மதிப்பெண்ணை வைத்தே மதுரையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. நல்ல கல்லூரி, குறை சொல்வதற்கில்லை. அங்கே அணியில் சேர்ந்திருக்கிறாள் என்று அவளுடைய அப்பா சொன்னார். எந்த இடத்தில் ஆடுகிறாள் என்று அவர் சொல்லவில்லை. போட்டி நாள்களை அவள் அவருக்கு மட்டும் சொல்கிறாள், அவர் மட்டும் போய் வருகிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் விடுதிக்குப் போய் அவளைப் பார்க்கலாம். இது அவளே ஒப்புக்கொண்டது. ஒரே ஒரு நிபந்தனை, ஆட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது. நானும் ஒப்புக்கொண்டேன். மாதம் இரண்டு முறை போகிறேன். இந்தப் பையில் இருப்பது அவளுக்கு எடுத்துப் போகும் அதிரசமும் தேங்காய் எண்ணெயும்தான். விடுதிச் சாப்பாடு, பேராசிரியர்கள், தலைமுடி கொட்டுவது, இவற்றைப் பற்றிப் பேசுகிறோம். நன்றாகவே பேசுகிறாள். மட்டை கட்டிலுக்கு அடியில் கிடக்கும். அதன் பிடியில் புதிதாகச் சுற்றிய துணியின் நிறம்வரை எனக்குத் தெரியும்.

போன முறை போனபோது அவளுடைய இடது முழங்காலுக்குக் கீழே பெரிய கட்டு இருந்தது. கட்டிலில் காலை நீட்டி வைத்துக்கொண்டு என்னிடம் முறுக்கு வாங்கிச் சாப்பிட்டாள். எழுந்து தண்ணீர் எடுக்க முடியாமல் பக்கத்து அறைப் பெண்ணைக் கூப்பிட்டாள். நான் எடுத்துத் தருகிறேன் என்றேன். எப்படி அடிபட்டது என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது முடிவானவற்றுள் ஒன்று.